பள்ளியில் கேமரா பொருத்தப் போகிறீர்களா? முதலில் ஒரு சுற்று நடந்து வாருங்கள்

“எட்டு கேமரா போதுமா, பதினாறு வேண்டுமா?” பள்ளிக்கு சிசிடிவி போட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். எண்ணிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பள்ளியை ஒரு முறை சுற்றி வாருங்கள்.

படி 1: இடத்துக்கு ஒரு கேள்வி

கேமரா வைக்க நினைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் நேராக ஒரு கேள்வி எழுதுங்கள். வாசல் கேட்: உள்ளே வந்தது யார்? மாடிப்படி: யார் யாரைத் தள்ளியது? பேருந்து நிற்கும் இடம்: குழந்தையை அழைத்துப் போனது யார்? கேள்வி எழுத வராத இடத்துக்குக் கேமராவும் வேண்டாம்.

கழிவறை, உடை மாற்றும் அறை, மருத்துவ அறை ஆகியவற்றுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. கழிவறைப் பக்கம் சண்டை நடக்கிறது என்றால் வெளியே உள்ள நடைபாதையில் வையுங்கள். கதவு திறந்தாலும் உள்பக்கம் தெரியாத கோணமா என்று கதவைத் திறந்து வைத்தே பார்க்க வேண்டும். வகுப்பறைக்குள் வேண்டுமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயந்துகொண்டே பாடம் நடத்த யாராலும் முடியாது.

படி 2: முகம் தெரியுமா, கணக்குப் போட்டுப் பாருங்கள்

பலரும் ஏமாறுவது இங்கேதான். அறிமுகம் இல்லாத ஒருவரை முகத்தை வைத்து அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்) வேண்டும் என்பது இந்தத் துறையில் வழங்கும் அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 1920-ஐ 250-ஆல் வகுத்தால் 7.7 வரும். அதாவது, படத்துக்குள் 7.7 மீட்டருக்கு மேல் அகலமான இடத்தை அடைத்தால் முகம் தெளியாது.

கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 2.8 மி.மீ. லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும். அதில் சுமார் 3 மீட்டர் தூரத்திலேயே அந்த எல்லை வந்துவிடும். கேட்டிலிருந்து 7 மீட்டர் தள்ளி மாட்டப் போகிறீர்கள் என்றால் குறுகலாகப் பார்க்கும் 6 மி.மீ. லென்ஸ் கேளுங்கள். மைதானத்துக்கு அகல லென்ஸே போதும்; அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால் சரி.

படி 3: மாட்டும்போது

ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும் பிஓஇ வகை வசதியானது. கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) வேண்டும். உயரம் இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர். அதற்கும் மேலே போனால் தலைமுடிதான் பதிவாகும். வாசலை உள்ளிருந்து பார்க்கும் கேமராவுக்கு வெளி வெளிச்சம் எதிரே அடிக்கும், வருபவர் கறுப்பு நிழலாகத் தெரிவார். அந்த இடத்துக்கு டபிள்யூடிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமன்செய்யும் வசதி) உள்ள கேமரா வாங்குங்கள்.

படி 4: எத்தனை நாள் பதிவு?

விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் ஒரு கேமரா ஒரு நாளில் 21.6 ஜிபி எடுக்கும். 16 கேமராவுக்கு 30 நாள் என்றால் 10 டிபிக்குக் கொஞ்சம் மேலே. ஆகவே இரண்டு 6 டிபி ஹார்ட் டிஸ்க். கணினிக்கான சாதாரண டிஸ்க் வேண்டாம், இரவும் பகலும் எழுதுவதற்கென்றே செய்த கண்காணிப்பு டிஸ்க் இருக்கிறது. கேமராக்களின் காட்சியைப் பதிவு செய்யும் என்விஆர் பெட்டியைப் பூட்டிய அறையில், யூபிஎஸ் இணைப்போடு வையுங்கள். கேமராக்களுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்ச்சையும் அதே யூபிஎஸ்ஸில் சேர்க்க மறக்காதீர்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

படி 5: பாஸ்வேர்டும் கடிகாரமும்

பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். பொருத்த வந்தவரிடம் ‘அட்மின்’ கணக்கை விட்டுவைக்காதீர்கள். நேரம் இணையத்திலிருந்து தானாகச் சரியாகும்படி அமையுங்கள். பதிவில் காட்டும் நேரம் இருபது நிமிடம் பிந்தியிருந்தால், விசாரணையில் முதல் சந்தேகமே அதன் மேல்தான் வரும்.

படி 6: யார் பார்க்கலாம்?

இதை எழுத்தில் வையுங்கள். பழைய பதிவைத் திறக்க இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி. பார்த்தவர், நாள், காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். ‘இங்கே கேமரா உள்ளது’ என்ற பலகை கட்டாயம். பெற்றோர் வந்து கேட்டால் உங்கள் ஊர்ச் சட்டம் சொல்வதைப் பாருங்கள். அதே காட்சியில் மற்றக் குழந்தைகளும் இருப்பார்கள். திரையை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதை அடியோடு தடை செய்யுங்கள்.

படி 7: மாதம் ஒரு சோதனை

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் சைக்கிள் காணாமல் போனதும் பதிவைத் தேடினோம். திரையில் எல்லாக் கேமராவும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. ஹார்ட் டிஸ்க் மட்டும் நான்கு மாதத்துக்கு முன்பே செத்திருந்தது! நேரலை தெரிகிறதே என்று யாரும் பதிவைத் திறந்து பார்க்கவில்லை.

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு மதியத்தைத் தேடி, ஐந்து நிமிடக் காட்சியைப் பென் டிரைவில் எடுத்து, வேறு கணினியில் ஓட்டிப் பாருங்கள். இரவுக் காட்சி வெள்ளையாகப் புகை மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை இருக்கும். ஒரு துடைப்பம் போதும்.