சிலம்பம்: கம்புக்கு முன் காலடி

ஐந்து வயதுப் பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்க்கலாமா? ஆசான் "நில்" என்றதும் நிற்கத் தெரிந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். சுழலும் கம்புகளுக்கு நடுவே அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்படாத பிள்ளை, ஏழு வயதானாலும் ஆறு மாதம் பொறுத்து வரட்டும்.

சேர்த்த அன்றே கம்பு வாங்க வேண்டாம். முதல் மாதம் முழுக்க வெறுங்கையோடு காலடி மட்டும்தான். வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். சாக்பீஸால் தரையில் தோளகல இடைவெளியில் இரண்டு பாதங்களை வரையுங்கள். அவற்றுக்கு முன்னால் ஒரு பாத நீளம் விட்டு விட்டு வலது, இடது, வலது, இடது என்று நான்கு. வலது பாதத்தில் 'வ', இடது பாதத்தில் 'இ' என்று எழுதிவிடுங்கள். முட்டியை லேசாக மடக்கி, கையை இடுப்பில் வைத்து, எண்ணிக்கொண்டே முன்னால் போய் அதே தடத்தில் பின்னால் வர வேண்டும்.

பின்னால் வரும்போதுதான் தப்பு நடக்கும். பிள்ளை குனிந்து தரையைப் பார்க்கும், இரண்டு காலும் ஒட்டிக்கொள்ளும். இதை அப்படியே விட்டால், நாளைக்குக் கம்பு கைக்கு வந்ததும் தன் கணுக்காலிலேயே அடித்துக்கொள்ளும். எதிரே நின்று விரல்களைக் காட்டி "எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். பதில் சொல்வதற்காகவே தலை நிமிரும்.

இரண்டாம் மாதம் கம்பு. அண்ணனுடைய பழைய கம்பைக் கொடுக்காதீர்கள். அது நீளமாக இருந்தால் தரையில் தட்டும், தட்டாமலிருக்கப் பிள்ளை தோளைத் தூக்கும், அந்தப் பழக்கம் பிறகு லேசில் போகாது. தொடக்கத்துக்கு நெஞ்சு உயரம் சரி. ஆறு வயதுக்குச் சுமார் 3 அடி. பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ள வேண்டும். தொடாவிட்டால் கம்பு தடிமன், முன்னங்கை வலிக்கும். மெல்லிய பிரம்பு நல்லது. மூங்கில்தான் கிடைத்தது என்றால், பழைய பருத்தித் துணியால் முனைக்கு முனை உருவிப் பாருங்கள். துணி சிக்கும் இடத்தில் சிலாம்பு இருக்கிறது. அதை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிளவு கண்ட கம்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நடுவில் பிடித்து, முதலில் வலப்பக்கம் மட்டும் மெதுவாகச் சுழற்றட்டும். முழங்கையை வீசினால் கம்பு காதில் படும். சுழல வேண்டியது மணிக்கட்டு. மடித்த கைக்குட்டையை அக்குளில் இடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அது விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று பிள்ளைக்கே தெரியும். கம்பை இறுகப் பிடித்தாலும் சுழற்சி நின்றுவிடும்: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பிடிக்க, மற்ற இரண்டும் தளர்ந்திருக்கட்டும். ஒரு கைக்குப் பத்துச் சுற்று, பிறகு மறு கை. இது இரண்டு கையிலும் வந்த பிறகே எட்டு போடுவது, அதாவது கம்பை 8 வடிவில் சுழற்றுவது.

வகுப்பில் இடைவெளி போதுமா என்று பார்க்க, எல்லோரும் கம்பை நீட்டியபடி ஒரு முறை சுற்றித் திரும்பட்டும். யார் மேலும் படக் கூடாது. வெறுங்காலோடு மண்ணில் ஆடுவதால், ஐந்து ஆறு வயதில் போட வேண்டிய, ரணஜன்னியையும் தடுக்கும் டிபிடி ஊக்கத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. பெருமைதான். அதற்காகச் சின்னப் பிள்ளையைப் பானை மேலும் ஆணிப் பலகை மேலும் நிற்க வைத்து, உலக சாதனை என்று மணிக்கணக்கில் கம்பு சுற்ற வைக்கும் நிகழ்ச்சிகளுக்கு அனுப்பாதீர்கள். மணிக்கட்டில் எலும்பு வளரும் இடம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கிறது. ஓயாத சுழற்சி அங்கேதான் போய்த் தாக்கும். தீப்பந்தமும் சுருள்வாளும் இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

தலையில் கம்பு பட்டால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வாந்தி, வழக்கமில்லாத தூக்கம், பேச்சில் குழறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.