பை ஜீரோ மேல உக்கார்ற போர்டு: ஆர்டருக்கு முன்னாடி ஃபுட்பிரிண்ட் செக் பண்றது எப்படி

ஊட்டி பக்கம் கேரட் தோட்டத்துல டிசம்பர், ஜனவரியில உறைபனி விழுறத முன்கூட்டியே சொல்ற மாதிரி ராஸ்பெர்ரி பை ஜீரோங்கிற குட்டி கம்ப்யூட்டர் மேல மாட்ற ஒரு சின்ன சென்சார் போர்டு டிசைன் பண்றீங்கன்னு வெச்சுக்கோங்க. போர்டு கீழருந்து மலையேறி வந்து சேர்றதுக்குள்ள பனி சீசனே பாதி போயிடும், அதனால பொருந்துமான்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

முதல்ல கைகாட்ங்கிற போர்டு டிசைன் சாஃப்ட்வேர்ல ஃபுட்பிரிண்ட, அதாவது போர்டுல ஓட்டையும் பின்னும் எங்கெங்க வரணும்கிற வரைபடத்த, திறந்து அளக்குற டூல எடுங்க. பை ஜீரோ 65 x 30 மிமீ, ஸ்க்ரூ ஓட்டைங்களோட நடுவுலருந்து நடுவுக்கு 58 x 23 மிமீ, ஒவ்வொரு ஓட்டையும் ஓரத்துலருந்து 3.5 மிமீ உள்ள. எம்2.5 ஸ்க்ரூவுக்கு ஓட்டை 2.7 மிமீ இருந்தா போதும்.

அடுத்தது 40 பின் ஹெட்டர், அதாவது ரெண்டு போர்டையும் இணைக்கிற பின் வரிசை, இங்கதான் நிறைய பேருக்கு சறுக்குது. பின்னுக்கு பின் 2.54 மிமீ, அத 2.5னு போட்டா ரெண்டு மூணு பின் வரைக்கும் வித்தியாசமே தெரியாது, ஆனா ஒரு வரிசையில 20 பின், நடுவுல 19 இடைவெளி, அப்ப 48.26 வர வேண்டிய இடத்துல 47.5தான் வரும், முக்கா மில்லிமீட்டர் போச்சு, கடைசி பின் உள்ளயே போகாது. பின் 0.64 மிமீ சதுரம், மூலைக்கு மூலை 0.9 வரும், அதனால ட்ரில் 1 மிமீக்கு குறையக்கூடாது. கடைசி பின்னுலருந்து பக்கத்து ஸ்க்ரூ ஓட்டை நடுவுக்கு, பக்கவாட்டுல மட்டும் பாத்தா, 4.87 மிமீ. இந்த ஒரு அளவு சரியா வந்துச்சுன்னா ஹெட்டர் இடம் மாறலன்னு நம்பலாம்.

இப்போ பிரிண்ட். ஸ்கேல் 1:1 வெச்சு பிடிஎஃப் எடுங்க, பக்கத்துலயே 100 மிமீ கோடு ஒண்ணும் வரைஞ்சிடுங்க. ஜெராக்ஸ் கடையில ஃபிட் டு பேஜ் ஆன்லயே இருக்கும், அண்ணா கிட்ட ஆக்சுவல் சைஸ்னு கேட்டு வாங்குங்க. வந்ததும் முதல்ல அந்த கோட்ட அளங்க, நம்ம ஊர் மழை நாள்ல பேப்பர் ஈரம் இழுத்து லேசா விரியும், அதனால காஞ்ச பேப்பர்ல எடுத்து அன்னைக்கே பாத்துடறது நல்லது.

பேப்பர ஒரு தெர்மாகோல் மேல வெச்சு, ஹெட்டர் ஸ்ட்ரிப்ப நேரா நிறுத்தி மெதுவா அழுத்துங்க. எல்லா பின்னும் அந்தந்த பேட் (பின்ன சால்டர் பண்ற செம்பு வட்டம்) நடுவுல குத்தணும், ஒரு முனையில நடுவுலயும் இன்னொரு முனையில ஓரத்துலயும் குத்துச்சுன்னா பிட்ச், அதாவது பின்னுக்கு பின் இடைவெளி, தப்பு.

எல்லாத்தையும் விட முக்கியம் பின் 1. உங்க போர்டுல ஹெட்டர் பின் நுழையற சாக்கெட் அடிப்பக்கம் வரும், அதுக்காக ஃபுட்பிரிண்ட ஃப்ளிப் பண்ணா ரெண்டு வரிசையும் இடம் மாறிடும் அபாயம் இருக்கு. பை ஜீரோவ ஹெட்டர் மேல் ஓரத்துல வர்ற மாதிரி, எஸ்டி கார்டு இடது பக்கம் இருக்கிற மாதிரி வைங்க: இடது முனையில உள்பக்கம் பின் 1, அது 3.3 வோல்ட், ஓரத்துல பின் 2, அது 5 வோல்ட். உங்க போர்ட மேலருந்து பாக்கும்போதும் அப்படியே இருக்கணும். மாறியிருந்தா 3.3ல ஓடற சென்சாருக்கு 5 வோல்ட் போகும், சென்சார் டேட்டா போற எஸ்டிஏ லைன்லயும் 5 வோல்ட் ஏறும், சென்சார் காலி.

கடைசியா போர்டு தயாரிக்க அனுப்புற ஜெர்பர் ஃபைல தனியா ஒரு வியூவர்ல திறந்து இதே பின் 1 இடத்தையும் ட்ரில் சைஸையும் இன்னொரு தடவ பாருங்க, ஏன்னா கம்பெனிக்கு போறது அந்த ஃபைல்தான்.