வகிடு அகலமாகிறதா? சிவப்பு விளக்குத் தொப்பி போடும் முறை

மதுரை வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 43. போன சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு முழம் மல்லிகை வைக்க மூன்று ஹேர்பின் குத்தியும் சரம் நழுவியது. அன்றுதான் வகிட்டைக் கண்ணாடியில் உற்றுப் பார்த்தேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. ஒரு பார்லரில் 'புரோட்டீன் டிரீட்மென்ட்' என்று 4,000 ரூபாய் கொடுத்தேன். முடி பட்டுப்போல மின்னியது, கொட்டுவது நிற்கவில்லை. அது கெரட்டின், வெளியே வளர்ந்துவிட்ட முடிக்கு மேல்பூச்சு. சேலைக்குக் கஞ்சி போட்டால் தறியில் நூல் கூடுமா?

அதனால், முடி வளரத் தலைத்தோலில் சிவப்பு ஒளி பாய்ச்சும் தொப்பியை வாங்கும் முன்பு தோல் டாக்டரைப் பாருங்கள். பெரியாஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு மூன்றும் பார்த்துவிடுவது நல்லது. காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டினால் பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். புழுவெட்டுக்கு வைத்தியம் வேறு. வழுவழுவென்று ஆகிவிட்ட சொட்டையிலும் ஒளி பலிக்காது. வேர் மெலிந்திருந்தாலும் உயிரோடு இருக்க வேண்டும்.

1967-ல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் மழித்த எலித்தோலில் லேசர் அடித்தார். அந்த இடத்தில் முடி சீக்கிரம் முளைத்தது. இப்போதைய கருவிகளில் வருவது பெரும்பாலும் 650 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளமுள்ள சிவப்பு ஒளி.

நான் ஞாயிறு, புதன், வெள்ளி போடுகிறேன். கடை மூடி வந்ததும் தலையை அலசி, நன்றாகக் காய வைப்பேன். எண்ணெயோடு போடாதீர்கள். முடி மறைத்தால் ஒளி தோலுக்குப் போகாது, அதனால் சீப்பின் வாலால் நாலைந்து வகிடு எடுத்துக்கொள்வேன். கருவிப் புத்தகத்தில் உள்ள நிமிடம்தான் கணக்கு. சீக்கிரம் வளரட்டும் என்று கூடுதலாகப் போட்டால் பலன் குறையலாம். லேசரை நேராகப் பார்க்கக் கூடாது. பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாதிரி, தோலுக்கு ஒளி ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஒளி முடிந்த பிறகு காப்பர் பெப்டைடு சீரம். மூன்று அமினோ அமிலமும் தாமிரமும் சேர்ந்த நீலத் திரவம் அது. 1973-ல் லோரன் பிக்கார்ட் மனித ரத்தத்தில் கண்டுபிடித்தார். முடிக்கு அல்ல, தோலில் படும்படி சில சொட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடிலுக்கு இருக்கிற ஆதாரம் இதற்கு இல்லை. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் சீரத்தை விடுங்கள்.

முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டலாம். எனக்குக் கொட்டியது. "ஏத்தா, தலையில டார்ச் அடிச்சா முடி முளைக்குமா?" என்றார் மாமியார்.

கண்ணை நம்பாதீர்கள், இன்ச் டேப்பை நம்புங்கள். மாதம் ஒருமுறை, காய்ந்த முடியை ஒரே இடத்தில் ரப்பர் பேண்டு போட்டு, சுற்றளவை எழுதி வையுங்கள். எனக்கு ஆரம்பத்தில் இரண்டேகால் இன்ச், ஆறாவது மாதம் இரண்டரை. நாலு மாதத்துக்கு முன் எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

நிறுத்தினால் வளர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். இதை மட்டும் மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.