திருகோணமலைக் காணி: விமானம் ஏறுமுன் உறுதியைத் தேடுங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குத் திருகோணமலை வரும் நம்மவர்கள் முதலில் கோணேசர் கோயிலுக்குப் போவார்கள், அடுத்து நிலாவெளிக் கடலுக்கு. புறப்பட நாலு நாள் இருக்கும்போதுதான் "அந்தக் காணி என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்பார்கள். நாலு நாள் காணாது. காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கவும், சேவயர் வந்து அளக்கவும், சட்டத்தரணியைச் சந்திக்கவும் இரண்டு வாரமாவது வேண்டும். வந்திறங்கிய முதல் திங்கட்கிழமையே தொடங்கிவிடுங்கள்.

சாம்பல்தீவில் இருக்கும் என் பெரியம்மாவின் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, நாங்கள் விரித்துப் பார்த்தபோது, வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே பனை வேலி, மேற்கே பொதுக் கிணறு என்று எல்லை எழுதியிருந்தது. வளவுக்காரர் எப்போதோ காலமாகிவிட்டார். பனை ஒன்றும் மிச்சமில்லை. கிணற்றைத் தூர்த்து, அதன்மேல் பக்கத்து வீட்டுக் குசினி நிற்கிறது. உறுதி கையில் இருந்தும் காணி எங்கே தொடங்குகிறது என்று எங்களால் காட்ட முடியவில்லை. பழைய நில அளவைப் படம் ஒன்று அலுமாரியில் அகப்பட்ட பிறகுதான் சேவயர் எல்லைக்கல்லைத் தேடினார். வேலியோரம் ஒரு சாண் மண்ணுக்குள் அது கிடந்தது. உறுதியோடு அளவைப் படத்தையும் சேர்த்துத் தேடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

உங்களுடையது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்பதையும் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. "பெர்மிட்டை எழுதித் தருகிறேன்" என்று யாராவது முற்பணம் கேட்டால் காசை வெளியே எடுக்காதீர்கள். உறுதிக் காணி என்றால், விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றளிக்க அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் அதைத்தான் சொல்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கொடுத்த காகிதம் காணியை உங்களுடையதாக்காது. உறுதி முடிந்த கையோடு பதிவும் செய்யுங்கள். ஒரே காணிக்கு ஒருவர் இரண்டு உறுதி எழுதிக் கொடுத்திருந்தால், மோசடி இல்லாதவிடத்து, முதலில் பதிந்த உறுதிக்கே முன்னுரிமை.

கூடுதலாக மனம் நோகும் சண்டைகள் காவலுக்கு விட்டவரோடு வருவதுதான். எதிரிடையாக, அதாவது சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், தடையின்றிப் பத்து வருடம் ஆண்டு அனுபவித்தவருக்கு 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் உரிமை கொடுக்கிறது. அனுமதியோடு குடியிருப்பவரின் ஆட்சி அந்த வகையில் சேராது. ஆனால் அனுமதி கொடுத்தது நீங்கள்தான் என்பதை எதைக் காட்டி நிறுவுவீர்கள்? மச்சானின் நண்பர் குடும்பத்தை 2005இல் வாய்ச்சொல்லில் இருத்திவிட்டு வந்தவர்களுக்கு இன்று சாட்சி சொல்லக்கூட ஆள் இல்லை. யுத்தத்தால் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது. அதன் கீழ் வழக்குப் போடக் கிடைத்தது இரண்டே வருடம். எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே தெரியாமல் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆகவே இந்த முறை வந்தால், குடியிருப்பவரோடு ஒரு தேநீர் குடித்து, அவருடைய மரியாதைக்குக் குறைவில்லாமல், எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அதுவும் நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பொதுவாகக் காணி வாங்க முடியாது. பெற்றோரிடமிருந்து முதுசமாகவோ நன்கொடையாகவோ வருவதற்குத் தடையில்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கும் தடையில்லை. இதைச் சுற்றிப் போக நினைத்துத் தம்பியின் பெயரில் வாங்கி விடுகிறார்கள். தம்பி நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்கள் கையில் இருப்பது அப்பாவின் பெயரில் உள்ள உறுதி. காசு கொடுத்தவருக்கு, தம்பி அதைத் தனக்காகத்தான் வைத்திருந்தார் என்று நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தில் வாதாட இடம் இருக்கலாம். அந்த வாதத்துக்கும் வங்கி வழியாகப் பணம் அனுப்பிய ரசீதுதான் உயிர். வங்கிக்கு வெளியே ஆள் மூலம் அனுப்பும் உண்டியலில் போன காசுக்கு ரசீது ஏது?

உப்புவெளியில் விருந்தினர் விடுதி, மூதூரில் படகு, பட்டணத்தில் கடை என்று கூட்டாகத் தொடங்குபவர்களும் கவனியுங்கள். மூலதனம் ஆயிரம் ரூபாவைத் தாண்டும் கூட்டு வியாபாரத்துக்கு எழுத்து வேண்டும் என்பதும் அதே 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள விதிதான். பங்கு எவ்வளவு, கணக்கு யார் பார்ப்பது, பிரிந்தால் கட்டடம் யாருக்கு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் ஆறு வருடத்துக்குள் வழக்கிடலாம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். விடுதி கடலோரம் என்றால், கரையிலிருந்து 300 மீட்டர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

சரி, சண்டை வந்தேவிட்டால்? நீங்கள் ஊரில் நிற்கும்போதே யாராவது வேலியைப் பிடுங்கி உள்ளே வந்தால், பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்குங்கள். சமாதானம் குலையும் நிலை என்றால் 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். விஷயம் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை அங்கே திரும்ப இருத்தலாம். இந்த இரண்டு மாதத்தைத் தவறவிடாதீர்கள். காணி யாருக்கு என்ற முடிவு மாவட்ட நீதிமன்றத்தில்தான் வரும், அதற்கு வருடங்கள் ஆகும். சகோதரருக்குள் பங்கு பிரிப்பதென்றால் பிரிவினை வழக்குக்கு முன், இரு பக்கத்தையும் பேசிச் சமாதானப்படுத்தும் இணக்க சபையில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். செலவும் குறைவு, நாளைக்குக் கோயில் திருவிழாவில் முகம் பார்க்கவும் முடியும்.

திரும்பிப் போகுமுன், உங்கள் சார்பில் இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதுவதானால், எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். வாடகை வாங்க, வேலி அடைக்க, வரி கட்ட என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "விற்கலாம்" என்ற சொல் அதில் இருக்கிறதா என்று, கையெழுத்துப் போடுமுன் நீங்களே ஒவ்வொரு வரியாக வாசியுங்கள்.