ஒரே மாதிரி தெரியும் இரண்டு நியூட் நெயில் பாலிஷ்: வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி?

நியூட் (தோல் நிறத்தை ஒட்டியது), பீஜ் (வெளிர் மணல் நிறம்), டோப் (சாம்பல் கலந்த பழுப்பு) என்று எட்டு பாட்டில் வரிசையாக நிற்கும். பார்ப்பவர்கள் "எல்லாம் ஒரே கலர்தானே" என்பார்கள். அதில் பாதி உண்மை. எட்டில் இரண்டு நிஜமாகவே ஒன்றாகத்தான் இருக்கும். எந்த இரண்டு என்பதைப் பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டிலில் இருப்பது விரல் தடிமனுக்குத் திரண்டிருக்கும் திரவம்; நகத்தில் ஏறுவது தாள் போன்ற மெல்லிய படலம். இரண்டும் ஒரே நிறத்தைக் காட்ட வேண்டிய கட்டாயமில்லை.

இந்த நிறங்களின் அடிப்படை டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. அதில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தால் நியூட். கறுப்பு சற்றுக் கூடினால் டோப், சிவப்பு கூடினால் ரோஸ் பீஜ். டீயில் பால் ஒரு கரண்டி கூடக் குறைய விழுவதுபோலத்தான். அதனால் பார்க்க வேண்டியவை மூன்றே: எவ்வளவு வெளிர், எந்தப் பக்கம் சாய்கிறது (ரோஸா, மஞ்சளா, சாம்பலா, ஊதாவா), அடியில் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது. மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். "இரண்டும் வேறு நிறம்" என்ற தீர்ப்பு பல நேரம் மறைக்கும் திறனில் உள்ள வித்தியாசம்தான்.

தேவையான பொருட்கள்

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நக டிப் (செயற்கை நகம்), ஒரு ஷேடுக்கு மூன்று (ஃபேன்சி ஸ்டோரில் பாக்கெட்டாகக் கிடைக்கும்). ஐஸ் குச்சி, டபுள் சைடட் டேப், வெள்ளை ஏ4 தாள் இரண்டு, பழைய செய்தித்தாள், ரிமூவர், பஞ்சு. டிப்பின் அடிமுனையை மட்டும் குச்சியில் ஒட்டுங்கள். மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முழுதும் ஒட்டினால் மரத்தின் மஞ்சள் அடியிலிருந்து தெரிந்து நிறத்தைக் கெடுக்கும்.

சொந்த நகத்திலேயே பார்த்தால் என்ன? கடைசியில் பார்ப்போம். ஆரம்பத்தில் வேண்டாம். மஞ்சள் தூள் பட்ட விரலில் வெளிர் நியூட் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். காய்ந்த பாலிஷிலும் மஞ்சள் கறை பிடிக்கும்.

1. பாட்டிலைக் கலக்குங்கள்

முதலில் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருந்தால், கனமான டைட்டானியம் டைஆக்சைடு கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். கலக்காமல் பூசினால் மேலே மிதக்கும் மெல்லிய பாகம்தான் வரும்: வெளிர் தன்மை போய், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். பாட்டிலை இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அவ்வப்போது கவிழ்த்து, ஒரு நிமிடம் உருட்டுங்கள். படிவு கரைந்ததும் நிறுத்தலாம். வேகமாகக் குலுக்கியிருந்தால், உள்ளே புகுந்த காற்றுக் குமிழ் அடங்க சில நிமிடம் விடுங்கள்.

பாலிஷ் நூல் நூலாக இழுத்தால் நெயில் பாலிஷ் தின்னர் இரண்டு மூன்று சொட்டு போதும். ரிமூவரை ஊற்றாதீர்கள், படலம் பலவீனமாகி, நிறமும் திட்டுத் திட்டாக வரும்.

2. ஒன்று, இரண்டு, மூன்று கோட்

ஒவ்வொரு ஷேடுக்கும் முதல் டிப்பில் ஒரு கோட், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. பிரஷ்ஷின் ஒரு பக்கத்தை பாட்டில் வாயில் துடைத்துவிட்டு, மறுபக்கத்தில் உள்ளதை மட்டும் பூசுங்கள். எல்லா ஷேடுக்கும் இதே அளவு. ஒன்றைத் தடிமனாகவும் மற்றதை மெல்லியதாகவும் பூசினால் பிறகு ஒப்பிடுவதில் பயனில்லை. கோட்டுக்குக் கோட் ஐந்து நிமிடம் இடைவெளி.

பெயரைக் குச்சியின் பின்புறம் எழுதுங்கள், முன்னால் எண் மட்டும். விலையுயர்ந்த பாட்டிலின் பெயரைப் பார்த்தபடி ஒப்பிட்டால் கண் அதன் பக்கமே சாயும்.

உடனே பார்க்கக் கூடாது. பாலிஷ் காயும்போது நிறம் மாறும், பெரும்பாலும் ஒரு படி அடர்த்தியாகும். குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்; இரவு பூசி மறுநாள் பார்ப்பது இன்னும் நல்லது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. பாலிஷிலும் ரிமூவரிலும் இருக்கும் கரைப்பான்கள் எளிதில் தீப்பிடிக்கும்.

3. செய்தித்தாள் சோதனை

காய்ந்த டிப்பைச் செய்தித்தாளின் எழுத்தின் மேல் தட்டையாக வைத்துப் படியுங்கள். ஒரு கோட் போட்ட டிப்பிலேயே எழுத்து மறைந்தால் அது முழு க்ரீம் (அடியில் இருப்பதை முழுதும் மறைக்கும் வகை). மூன்று கோட் போட்ட பிறகும் எழுத்து கலங்கலாகத் தெரிந்தால் ஷீர் (ஒளி ஊடுருவும் வகை). ஓபிஐ பிராண்டின் பபுள் பாத், எஸ்ஸி பிராண்டின் பாலே ஸ்லிப்பர்ஸ் இரண்டும் வெளிர் ரோஸ்தான், இரண்டும் ஷீர் வகைதான். ஆனால் பாலே ஸ்லிப்பர்ஸில் வெள்ளை தூக்கல், பபுள் பாத் சற்று பீஜ் கலந்தது. ஒரு கோட் போட்ட டிப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிரித்துச் சொல்வது கஷ்டம். மூன்று கோட் போட்ட டிப்களில் வித்தியாசம் தானாக வெளியே வரும். ஷீர் நிறங்களை ஒப்பிடும்போது எப்போதும் மூன்றாவது டிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

4. வெளிச்சம்

காலை பத்து மணிக்கு மேல், நேர் வெயில் விழாத ஜன்னலோரம். வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் டிப்களை வைக்கவும். சுவரில் பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்த நிறம் தாளின் மேல் விழும்; இரண்டாவது தாளைச் சுவர்ப்பக்கம் நிறுத்தி மறையுங்கள். நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டையும் இதே வேலையைச் செய்யும்.

பிறகு வீட்டு விளக்கில் பாருங்கள். மஞ்சள் ஒளி பல்பின் பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்றும், வெள்ளை எல்இடி ட்யூபில் 6500 கெல்வின் என்றும் போட்டிருக்கும். பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு ஷேட் மஞ்சள் பல்பில் பிரிந்துவிட்டால் கண்ணைக் குறை சொல்ல வேண்டாம். வேறு வேறு நிறமிக் கலவை ஒரு வெளிச்சத்தில் மட்டும் ஒன்றுபோலத் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். அதை வைத்து "வேறு" என்று தாராளமாகத் தீர்ப்புச் சொல்லலாம்.

5. பாதிப் பாதி டிப்

இந்த முழு வேலையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு நிறத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விழுந்தாலே கண் சின்ன வித்தியாசத்தைத் தவறவிடும். அதனால் ஒரே டிப்பில் இடப்பாதியில் முதல் ஷேடை இரண்டு கோட் (ஷீர் என்றால் மூன்று) பூசி, முழுதும் காய்ந்ததும் வலப்பாதியில் இரண்டாவது ஷேடை அதே அளவு கோட் பூசுங்கள். நடுவில் இரண்டும் தொட்டுக்கொள்ளட்டும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஷீர் நிறத்தில் ஏறினால் அந்த இடம் மட்டும் அடர்ந்து, பொய்யாக ஒரு கோடு தெரியும்.

கையை முழுதும் நீட்டிப் பிடியுங்கள். கோடு தெரிந்தால் இரண்டும் வேறு. மூக்குக்கு அருகே கொண்டுவந்தால்தான் தெரிகிறதா? விரலில் பூசியிருக்கும் பாலிஷில் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை, இரண்டாவது பாட்டில் தேவையில்லை. கோடு ஒருபக்கம் கருத்துத் தெரிந்தால் டிப்பை 180 டிகிரி திருப்புங்கள். கருமை எதிர்ப்பாதிக்கு மாறினால் அது நிறமல்ல, தடிப்பான ஓரத்தின் நிழல்.

வெளிர்-அடர் வித்தியாசத்தை மட்டும் பிரித்துப் பார்க்க, இதே டிப்பைப் போனில் கறுப்பு-வெள்ளையில் படமெடுக்கலாம். அங்கே கோடு மறைந்து, வண்ணத்தில் தெரிந்தால் வித்தியாசம் சாயலில் மட்டும். வண்ணப் படம் எடுப்பதானால் இரண்டு ஷேடும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் கேமரா ஒவ்வொரு முறையும் வெள்ளையை வேறு மாதிரி சரிசெய்துவிடும். இணையத்தில் இரண்டு பேர் போட்ட படங்களை வைத்து "டூப்" (dupe, அச்சு அசலாக அதே நிறம்) என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறிப்போகிறது.

6. சாயல்

2010-இல் ஷனெல் பிராண்ட் வெளியிட்ட பார்ட்டிகுலியேர் என்ற பாலிஷ், டோப் நிறத்துக்கு ஒரு அலையையே கிளப்பியது. அதோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் ஓபிஐ-யின் யூ டோன்ட் நோ ஜாக், எஸ்ஸியின் சின்சில்லி ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் "காளான் நிறம்". பக்கத்தில் வைத்தால் ஜாக் அடர்த்தியான பழுப்பு, சின்சில்லி சாம்பல் பக்கம், பார்ட்டிகுலியேர் வெளிர். சாயலைத் தனி ஷேடில் தேடக் கூடாது. இன்னொன்றுக்குப் பக்கத்தில்தான் அது வாயைத் திறக்கும். ஒப்பிட இரண்டாவது பாட்டில் இல்லையென்றால், வெள்ளைத் தாள் மேல் டிப்பை வைத்து ஒருபுறம் பச்சரிசியும் மறுபுறம் விபூதியும் சிறிது வைத்துப் பாருங்கள். அரிசியோடு ஒத்துப்போனால் வெதுவெதுப்பான (மஞ்சள் பக்கச்) சாயல், விபூதியோடு ஒத்துப்போனால் குளிர்ந்த (சாம்பல் பக்கச்) சாயல்.

7. கடைசியில் தோலின் மேல்

இப்போது டிப்பை உங்கள் நகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மாநிறத் தோலுக்குள் ஆரஞ்சு இருக்கிறது. அதன் பக்கத்தில் நடுநிலைச் சாம்பல் லேசாக நீலம் காட்டும். தாளில் பழுப்பாகத் தெரிந்த டோப் விரலில் ஊதாவாகத் தெரிவது இதனால்தான். வெள்ளை நிறமி அதிகமுள்ள வெளிர் பீஜ் சுண்ணாம்பு பூசியதுபோல நிற்கும். பாட்டிலில் நியூட் என்று எழுதியிருப்பது யாருடைய தோலை மனதில் வைத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள். தாளில் ஒன்றாக இருந்த இரண்டில் ஒன்று விரலில் தோற்றுப்போகலாம். அப்போது விரல் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

டாப் கோட் (கடைசியாக மேலே பூசும் நிறமற்ற பூச்சு) போட்டுத்தான் வெளியே போவீர்கள் என்றால் எல்லா டிப்புக்கும் அதே டாப் கோட் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். பளபளப்பு நிறத்தை அடர்த்தியாக்கும், மேட் (பளபளப்பில்லாத வகை) வெளிறச் செய்யும். பழைய பாட்டிலையும் புதியதையும் ஒப்பிடும்போது இன்னொரு எச்சரிக்கை: பாலிஷின் படலத்தை உருவாக்கும் நைட்ரோசெல்லுலோஸ் வெளிச்சத்தில் நாளாக ஆக மஞ்சளாகும். ஜன்னலோரம் இருந்த வெளிர் ரோஸ் பீஜாகத் தெரிந்தால் அது வயது, ஷேட் அல்ல. முடித்த டிப்களையும் அதனால்தான் மூடிய டப்பாவில், இருட்டில் வையுங்கள். அடுத்த பாட்டில் வாங்கக் கடைக்குப் போகும்போது பையில் போட்டு எடுத்துச் செல்லலாம்.