கடைசி வண்டியிலிருந்து தொடங்குங்கள்: சூரிச்சிலிருந்து காரில்லாமல் மலைக்குப் போவது எப்படி

சூரிச்சில் புதிதாகக் குடியேறும் நம்மவர்களில் பலர், சொந்தக் கார் ஒன்று வாங்கிய பிறகுதான் மலைப்பக்கம் போக முடியும் என்று எண்ணி, வந்த முதல் இரண்டு மூன்று கோடைகாலங்களையும் நகருக்குள்ளேயே கழித்துவிடுகிறார்கள். இந்தக் காத்திருப்பு தேவையற்றது. இந்நகரைச் சுற்றியுள்ள மலைகளில் நடப்பதற்குக் காரைவிடத் தொடருந்தும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தும் கேபிள் காரும் சிறந்தவை என்பது, பல ஆண்டுகளாக இங்கே நடந்துவரும் என் உறுதியான கருத்து. காரில் போகிறவர் வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். பொதுப் போக்குவரத்தில் போகிறவருக்கு அந்தக் கட்டு இல்லை. அவர் ஒரு பள்ளத்தாக்கில் ஏறத் தொடங்கி, முகட்டைக் கடந்து, மறுபக்கத்தில் இறங்கி, அங்கே வரும் வேறொரு வண்டியில் வீடு திரும்பலாம். நடைபாதைகளைப் பேணுவதை 1979ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு இது. குறியிடப்பட்ட மலைநடைப் பாதைகள் 65,000 கிலோமீற்றருக்கும் மேல் உள்ளன; அவற்றுள் மிகப் பல, ஏதாவதொரு நிறுத்தத்தில் தொடங்கி இன்னொரு நிறுத்தத்தில் முடிகின்றன.

முதல் பயணத்துக்கு ஊட்லிபெர்க் மலையையே பரிந்துரைக்கிறேன். சூரிச் முதன்மை நிலையத்தின் நிலத்தடியில் 21, 22ஆம் மேடைகளிலிருந்து புறப்படும் எஸ் 10 தொடருந்து, ஏறக்குறைய இருபது நிமிடங்களில் உங்களை மலையின் மேலேயே கொண்டுபோய் விடுகிறது. 1875 முதல் ஓடிவரும் பாதை அது. நிலையத்திலிருந்து பத்து நிமிடம் ஏறினால் 870 மீற்றர் உயரத்தில் உள்ள உச்சி வந்துவிடும். ஏரியும் நகரமும், வானம் தெளிவாக இருந்தால் பனி மூடிய ஆல்ப்ஸ் தொடரும் ஒருசேரத் தெரியும். பெரும்பாலானோர் அங்கிருந்து அதே தொடருந்தில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முகட்டின் வழியே ஃபெல்சன்எக் என்னும் இடம் நோக்கிச் செல்லும் பாதையில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் நடந்து செல்லுங்கள். ‘கோள்களின் பாதை’ என்று அதற்குப் பெயர். சூரியக் குடும்பத்தை நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி வழிநெடுகக் கோள்களின் மாதிரிகளை வைத்திருக்கிறார்கள் என்பதால், ஒரு மீற்றர் நடந்தால் பத்து இலட்சம் கிலோமீற்றர் கடந்ததாகக் கணக்கு. பிள்ளைகளை அலுப்பில்லாமல் நடக்க வைக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. ஃபெல்சன்எக்கிலிருந்து கேபிள் காரில் அட்லிஸ்வில் ஊருக்கு இறங்கி, பத்து நிமிடம் நடந்து நிலையத்தை அடைந்தால், எஸ் 4 தொடருந்து மீண்டும் முதன்மை நிலையத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும். அந்தக் கேபிள் காரும் சூரிச் போக்குவரத்துக் கூட்டமைப்பான இசட்விவியின் கட்டண முறைக்குள் அடங்குவதால், உரிய கட்டண வலயங்களைக் கொண்ட ஒரே நாள் அட்டை முழுப் பயணத்துக்கும் போதும். ஏறிய இடம் வேறு, இறங்கிய இடம் வேறு, சீட்டு மட்டும் ஒன்று என்னும் இந்த முறையை ஒருநாள் நேரில் பழகிக்கொண்டால், பிற்பாடு எவ்வளவு தொலைவுக்குப் போனாலும் திட்டமிடும் விதம் இதுவே.

பயணச்சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புதியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். ‘ஹால்ப்டாக்ஸ்’ என்னும் அரைக்கட்டண அட்டையை வந்த முதல் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். தொடருந்து, பேருந்து, படகு ஆகியவற்றில் அரைக்கட்டணமும், பெரும்பாலான மலை ஊர்திகளில் பாதியளவு வரை கழிவும் கிடைப்பதால், ஆண்டுக் கட்டணத்தைச் சில மலைப் பயணங்களிலேயே மீட்டுவிடலாம். 6 முதல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 30 பிராங்குக்குக் கிடைக்கும் ஜூனியர் அட்டை இருந்தால், தாய் அல்லது தந்தையுடன் பயணிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வேறு சீட்டு வேண்டியதில்லை. சூரிச் மாநிலத்துக்குள்ளேயே நடப்பதென்றால் இசட்விவியின் ‘ஒன்பது மணி’ நாள் அட்டை போதுமானது. வார நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகும், சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் நாள் முழுவதும் எல்லா வலயங்களிலும் அது செல்லும். மாநிலத்துக்கு வெளியே தொலைவாகப் போகும் நாளுக்கு ‘ஸ்பார்டாகெஸ்கார்டே’ என்னும் சிக்கன நாள் அட்டையை எவ்வளவு முன்னதாக வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு. ஆனால் மலை ஊர்திகள் எல்லாவற்றையும் அது உள்ளடக்குவதில்லை: ரிகி மலைத் தொடருந்தில் செல்லும், யுங்ஃபிராவ்யோக் போன்ற இடங்களுக்குக் கடைசிப் பகுதிக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். வாங்குவதற்கு முன் எந்த எல்லை வரை செல்லும் என்பதைப் பார்த்துவிடுங்கள்.

வண்டிக்குள் ஏறிய பிறகு சீட்டு வாங்கலாம் என்று ஒருபோதும் எண்ண வேண்டாம். கைபேசியில் வாங்கினாலும், வண்டி புறப்படுவதற்கு முன்பே வாங்கி முடித்திருக்க வேண்டும். பரிசோதகர் வருவதைக் கண்டு வாங்கிய சீட்டு செல்லாது, அதில் பதிவான நேரமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த வலயம், எந்த வழி என்று குழப்பமாக இருந்தால், சுவிஸ் கூட்டாட்சித் தொடருந்து நிறுவனமான எஸ்பிபியின் செயலியில் உள்ள ‘ஈசிரைடு’ வசதியை ஏறுமுன் இயக்கி, இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். பயணித்த தொலைவுக்கான கட்டணத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். மேற்பகுதியில் மஞ்சள் பட்டை ஓடும் பெட்டிகள் முதலாம் வகுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் இடம் தேடி அங்கே போய் உட்கார்ந்துவிட்டுத் தண்டம் கட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

இனி இந்த வழிகாட்டியின் மையமான செய்திக்கு வருகிறேன். மலைப் பயணத்தைக் காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதிலிருந்து திட்டமிடாதீர்கள். மாலையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். நகருக்குள் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு டிராமைப் பார்த்துப் பழகியவருக்கு, மலைக் கிராமமொன்றில் பேருந்து மணிக்கு ஒன்றுதான், சில இடங்களில் நாளுக்கு நான்கைந்துதான் என்பது மனத்தில் பதிவதற்குக் காலம் எடுக்கும். கேபிள் கார்களிற் பல மாலை ஐந்து மணிக்கே நின்றுவிடுகின்றன. கோடையில் அதன்பின் நான்கு மணி நேர வெளிச்சம் மீதமிருக்கும் என்பதால், வெளிச்சத்தை நம்பி மேலேயே இருந்துவிடுகிறவர்கள் முழு மலையையும் களைத்த கால்களோடு இறங்க வேண்டியதாகிறது. ஆகவே முதலில் இறங்கும் இடத்திலிருந்து கடைசிக்கு முந்தைய வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டி அவசரத்துக்கான உங்கள் கையிருப்பு, திட்டத்தில் அதற்கு இடமில்லை. அந்த நேரத்திலிருந்து நடைநேரத்தைக் கழியுங்கள். பாதையோரத்து மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் நேரம், சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் நடப்பவரை அடிப்படையாகக் கொண்டு, ஓய்வைச் சேர்க்காமல் கணக்கிடப்பட்டது. பிள்ளைகளுடன் போகும் குடும்பத்துக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. அதற்குமேல் உணவுக்கு ஒரு மணி நேரம் கூட்டினால், காலையில் எந்தத் தொடருந்தைப் பிடிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். விடை காலை ஏழு மணி என்று வந்தால் ஏழு மணிதான்.

எஸ்பிபி செயலியில் ஊரின் பெயரை மட்டும் இட்டுத் தேடாமல், மலைமேல் உள்ள நிலையத்தின் பெயரையே இட்டுத் தேடுங்கள். தொடருந்து, பேருந்து, மலை ஊர்தி என்று முழுத் தொடரையும் ஒரே அட்டவணையாகக் காட்டும். நிறுத்தங்களில் ஒட்டப்பட்டுள்ள தாள்களில் மஞ்சள் தாள் புறப்பாட்டையும் வெள்ளைத் தாள் வருகையையும் குறிக்கும். கால அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் மாறும் என்பதால், சென்ற ஆண்டு எடுத்துவைத்த படத்தை நம்பிப் போகக் கூடாது. சிறு நிலையங்கள் சிலவற்றில் கேட்டால்தான் தொடருந்து நிற்கும்: இறங்குவதற்கு வண்டிக்குள் உள்ள பொத்தானையும், ஏறுவதற்கு மேடையில் உள்ள பொத்தானையும் அழுத்த வேண்டும். இது தெரியாமல் மேடையில் நின்றபடியே வண்டியைத் தவறவிட்டால், மலைப் பகுதியில் இன்னொரு மணி நேரம் காத்திருக்க நேரும். நம்மவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து போவது வழக்கம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் என்றால் அஞ்சல் பேருந்துக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். மலை வழியில் வருவது பெரும்பாலும் சிறிய வண்டி, அதில் எல்லோருக்கும் இடம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது எங்கே அழைத்துப் போவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ரிகி. சூரிச்சிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஆர்ட் கோல்டாவ் நிலையம். அங்கே தண்டவாளங்களுக்கு மேலே அமைந்த மேடையிலிருந்து பற்சக்கரத் தொடருந்து 1,798 மீற்றர் உயரமுள்ள உச்சியின் அருகே வரை செல்கிறது. இதே மலையின் மறுபக்கத்தில், விட்ஸ்னாவ் ஊரிலிருந்து 1871இல் தொடங்கப்பட்டதே ஐரோப்பாவின் முதல் மலைத் தொடருந்து. நடக்கக்கூடியவர்கள் உச்சியிலிருந்து இடைநிலையமான கால்ட்பாட் வரை அகலமான பாதையில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் இறங்கலாம்; முழங்கால் வலி உள்ளவர்கள் அதே இடத்துக்குத் தொடருந்தில் வந்து அவர்களுக்காகக் காத்திருக்கலாம். பின்னர் எல்லோரும் சேர்ந்து விட்ஸ்னாவுக்கு இறங்கி, அங்கிருந்து படகில் லூசேர்ன் வந்து, தொடருந்தில் சூரிச் திரும்பலாம். வெளிநாட்டில் வசிக்கும் பெற்றோருக்கு ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ வாங்கலாம். ரிகி அதில் அடங்கும். இங்கே வதிவுரிமை பெற்ற நமக்கு அந்த அட்டை கிடையாது.

கொஞ்சம் நடந்து பழகியவர்களுக்கு இரண்டு இடங்கள். முதலாவது, 1,133 மீற்றர் உயரமுள்ள ஹேர்ன்லி: வின்டர்தூரிலிருந்து எஸ் 26 தொடருந்தில் ஸ்டேக் நிலையம் வந்து, காடும் புல்வெளியுமாக ஒன்றரை மணி நேரம் ஏறி, மறுவழியாக அதே தொடருந்துப் பாதையில் உள்ள பௌமா நிலையத்துக்கு இறங்கலாம். இரண்டாவது பிரவுன்வால்ட். சூரிச்சிலிருந்து எஸ் 25 மாறாமல் லிந்தால் வரை ஓடுகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். அதற்கு முந்தைய ‘லிந்தால் பிரவுன்வால்ட்பான்’ நிறுத்தத்தில் இறங்கினால், பக்கத்திலேயே, 1907 முதல் இயங்கிவரும், கம்பிவடத்தால் இழுக்கப்படும் மலைத் தொடருந்து நிற்கும். அதில் ஏறிப்போனால், கார்களே இல்லாத ஒரு கிராமம். காரில் வந்தவரும் வண்டியைக் கீழே விட்டுவிட்டு அதே ஊர்தியில்தான் ஏற வேண்டும் என்பதால், அங்கே நமக்கும் அவருக்கும் வேறுபாடே இல்லை.

பாதையின் நிறத்தை வைத்தே உங்களுக்கு அது ஏற்றதா என்று முடிவு செய்யலாம். வெறும் மஞ்சள் குறி இருந்தால் எவரும் நடக்கலாம். வெள்ளை, சிவப்பு, வெள்ளைப் பட்டை இருந்தால் அது மலைப்பாதை: செங்குத்தான, ஒடுங்கிய இடங்கள் வரும், உறுதியான அடிப்பகுதி கொண்ட காலணியும் உயரத்தில் தலைசுற்றாத தன்மையும் வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் அது தேர்ச்சி பெற்றவர்களுக்கானது. புதியவர்கள் அதில் காலடி வைக்கக் கூடாது. ஷ்வீஸ் நகருக்கு மேலே நிற்கும் பெரிய மீத்தன் மலைக்குச் சிவப்புக் குறிதானே என்று துணிந்து போகிறவர்கள் உண்டு. 1,898 மீற்றர் உச்சிக்கு ஏறும் அந்தப் பாதை, சங்கிலியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடங்களோடு பாறை முகத்தில் வளைந்து வளைந்து செல்வது. முதல் ஆண்டில் அங்கே போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காலத்தையும் பார்க்க வேண்டும். பனி உருகும் வசந்தத்திலும், நவம்பரிலும் மலை ஊர்திகள் பல பராமரிப்புக்காக வாரக்கணக்கில் நிறுத்தப்படும். ‘ரிவிசியோன்’ என்ற சொல்லை இணையதளத்தில் கண்டால் அன்று அது ஓடாது என்று பொருள். நான் வந்த முதல் ஆண்டில், பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் பயணித்துப் போய், பூட்டிய கீழ்நிலையத்தின் முன்னால் நின்றது இந்த ஒரு சொல்லைப் படிக்காததால்தான். இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் ஜூன் மாதத்திலும் பாதையில் பனி கிடக்கலாம். கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கமானது என்பதால், முகட்டைக் கடக்கும் பகுதியை நண்பகலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விபத்து நேர்ந்தால் 1414 என்ற எண்ணில் ரேகா வான்வழி மீட்புச் சேவையை அழைக்கலாம். 112 எந்த வலையமைப்பிலும் வேலை செய்யும். வாரத்தில் எட்டு மணி நேரமாவது ஒரே முதலாளியிடம் வேலை செய்பவருக்கு ஓய்வுநேர விபத்துக்கும் காப்பீடு உண்டு. வேலைக்குப் போகாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அடிப்படை மருத்துவக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியை, ஆண்டுக்கு 5,000 பிராங்க் வரை மட்டுமே ஏற்கும் என்பதை அறிந்து, மேலதிகக் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கடைசி வண்டியைத் தவறவிட்டால் பதற வேண்டியதில்லை. மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் ஊரின் பெயருக்கு அருகே பேருந்து, தொடருந்து, கேபிள் கார், படகு ஆகியவற்றின் சிறு படங்கள் இருக்கும். அவற்றுள் தொடருந்துப் படம் உள்ள ஊரைத் தேர்ந்து அதை நோக்கி இறங்குங்கள். பேருந்து ஓய்ந்த பிறகும் பள்ளத்தாக்கின் தொடருந்து பல மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். இசட்விவி வட்டாரத்துக்குள் வந்துவிட்டால், வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய இரவுத் தொடருந்துகள் உண்டு. பைக்குள் ஒரு சிறு தலைவிளக்கும் மின்னேற்றி ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.