தாங்கு சுவருக்குப் பின்னால் மண் எந்தக் கோணத்தில் நழுவும்?

4 மீட்டர் உயரச் சுவர். பின்னால் சமமட்டமாக நிரப்பிய காய்ந்த மணல், எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் (மணல்துகள்களுக்கு இடையிலான உராய்வின் அளவு) 30 டிகிரி. சுவர் முன்பக்கம் சற்றே விலகினால் (ஆக்டிவ் நிலை) நழுவுதளத்தின் கோணம், ராங்கின் முறைப்படி, 45 டிகிரியோடு உராய்வுக் கோணத்தில் பாதியைக் கூட்டியது: 60. சுவர் மண்ணை அழுத்தினால் (பாசிவ் நிலை) அந்தப் பாதியைக் கழிக்க வேண்டும்: 30. இரண்டும் கிடைமட்டத்திலிருந்து அளப்பவை. செங்குத்திலிருந்து அளந்து குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

60 எப்படி வருகிறது என்பதைக் கூலோம் 1776-இல் வெளியிட்ட ஆப்பு முறையில் நீங்களே போட்டுப் பாருங்கள். சுவரின் அடியிலிருந்து ஏதாவது ஒரு கோணத்தில் கோடு இழுங்கள். அதற்கும் சுவருக்கும் நடுவே உள்ள முக்கோண மண்ணின் (இதுதான் ஆப்பு) எடையைக் கண்டு, கோணத்தில் 30-ஐக் கழித்து, அதன் டேன் மதிப்பால் பெருக்குங்கள். வழவழப்பான சுவருக்கு, மீட்டர் நீளத்துக்குக் கிடைக்கும் தள்ளுவிசை: 45 டிகிரியில் 38.6 கிலோநியூட்டன், 55-இல் 47, 60-இல் 48, 65-இல் மறுபடி 47. உச்சம்தான் வடிவமைப்புக்கு.

உச்சத்துக்கு அருகே விசை அதிகம் மாறவில்லை, கவனியுங்கள். சுவருக்கும் மண்ணுக்கும் இடையிலான உராய்வு (சுவர் உராய்வு) 20 டிகிரி என்று எடுத்தால் நழுவுதளம் 56-க்கு இறங்கும். விசை சற்றுக் குறையும், அவ்வளவே. கோணம் நிஜமாகவே முக்கியமாவது ஆப்பு எதுவரை நீள்கிறது என்று பார்க்கும்போது. 60 டிகிரியில் அது மேல்மட்டத்தில் 2.3 மீட்டர் வரை போகும். நங்கூரக் கம்பியின் பிடிப்பு நீளம் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் தொடங்க வேண்டும்; உள்ளே இருந்தால் மண்ணோடு சேர்ந்து கம்பியும் நகரும். சுவரை ஒட்டி அரை மீட்டருக்கு மட்டும் மணல் போட்டுவிட்டு, மணலின் 30 டிகிரியைக் கணக்கில் வைப்பதும் தவறு. தளத்தின் பெரும்பகுதி பழைய மண்ணுக்குள் ஓடுகிறது, அதன் வலிமைதான் கணக்கு.

கான்டிலீவர் சுவரில் (அடித்தளப் பலகையோடு ஒன்றாக வார்த்த சுவர்) நழுவுதளத்தை அந்தப் பலகையின் பின்முனையிலிருந்து வரைய வேண்டும். மேலே கட்டடத்தின் தரைப்பலகை பிடித்துக்கொண்டிருக்கும் அடித்தள அறைச் சுவர் விலகாது, ஆகவே நழுவுதளமே உருவாகாது. அங்கே ஓய்வுநிலைக் கெழு (மண் நகராதபோது பக்க அழுத்தத்துக்கும் செங்குத்து அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) 0.5, விசை 72 கிலோநியூட்டன்.

பாசிவ் பக்கம் இன்னும் கவனம் தேவை. சுவர் உராய்வு கூடினால் தளம் வளையும். நேர்த்தளம் என்று கொண்டால் எதிர்ப்பு கூடுதலாக வந்துவிடும், அது ஆபத்தான பக்கப் பிழை. சுவரின் முன்னால் 1 மீட்டர் ஆழ மண்ணை நம்பினால் ஆப்பு 1.73 மீட்டர் வரை நீளும். அதற்குள் பின்னாளில் யாராவது வாய்க்கால் வெட்டக்கூடும் என்றால் அந்த எதிர்ப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.